லைசன்ஸ் தடையில் இருந்தபோது லொறி ஓட்டினேன்: பன்னிரண்டரை இலட்சம் போன கதை

இலங்கை மலையகத்தில், நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையில் இருந்து கம்பளை, கண்டிப் பக்கம் மரக்கறி ஏற்றுவதுதான் என் தொழில். லீசிங்கில் எடுத்த டிமோ பட்டா சின்ன லொறி ஒன்று, அதற்கு முழுக் காப்புறுதி, கண்ணாடியில் ஒட்டிய வருமான அனுமதிப்பத்திரம், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. என் லைசன்ஸ் மட்டும் நீதிமன்றத்தில் இருந்தது. அந்த ஒன்று இல்லாததால் மற்றதெல்லாம் வெறும் கடதாசி ஆகிப்போனது எப்படி என்று எழுதப் போகிறேன். வெட்கமான கதைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இதே நிலைமையில் இப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொலிஸ் எந்த எடத்துல நிப்பாங்க?" அன்றைக்கு நானும் அதைத்தான் யோசித்தேன். பொலிஸைத் தாண்டி வேறு எதுவும் என் புத்திக்கு எட்டவில்லை.

2023 ஆவணியில் ராகலையில் ஒரு கல்யாண வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மச்சான் ஊற்றித் தந்தது இரண்டு கிளாஸ் என்று மனைவியிடம் சொன்னேன். மூன்று. திரும்பி வரும்போது வழியில் பொலிஸ் மறித்து பலூன் ஊதச் சொன்னார்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அதுதான் எல்லை. நான் அதைத் தாண்டி நன்றாகவே போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினார்கள், அன்று இரவு பொலிஸில் இருந்தேன், காலையில் பிணை. இதில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. செய்தது நான்.

செப்டம்பர் 12 ஆம் திகதி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபா தண்டம், ஆறு மாதத்துக்கு லைசன்ஸ் இடைநிறுத்தம். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நீதவான் சிங்களத்தில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லும்போதே அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். 'மாச ஹயக்' என்பது காதில் விழுந்தது. ஆறு மாதம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, முடிந்ததும் லைசன்ஸை எங்கே போய் எடுப்பது, இடையில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எதையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. இதே இடத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அன்றைக்கே, நீதிமன்றத்தை விட்டு இறங்கும் முன்னமே, தடை முடியும் திகதியைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் லோயரிடம் தமிழில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னாலும் போதும். பிறகு அதற்காக ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

எனக்கு வேறொரு குழப்பமும் இருந்தது. குழப்பம் என்று சொல்வதா, எனக்கு வசதியான குழப்பம் என்று சொல்வதா தெரியவில்லை. வழக்கமாக வீதியில் பொலிஸ் பிடித்துத் தண்டச்சீட்டு எழுதினால், லைசன்ஸை எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டைத் தருவார்கள். 14 நாளைக்கு அந்தச் சீட்டே லைசன்ஸாக வேலை செய்யும். அதற்குள் தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டினால் லைசன்ஸ் கைக்கு வரும். எத்தனையோ தடவை நான் அப்படி ஓட்டியிருக்கிறேன். நீதிமன்றத்தில் தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு என் பர்ஸில் இருந்ததும், அதுவும் ஏதோ ஒரு வகையில் காவல் மாதிரித் தோன்றியது. அது காவல் இல்லை. 25,000 கட்டினீர்கள் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நீதிமன்றம் தடுத்த பிறகு, அந்தத் திகதி வரும்வரை, ஓட்டுவதற்கு உங்கள் கையில் எந்தக் கடதாசியும் இல்லை.

சரி, லொறி நிற்க முடியாது. மாதம் 38,500 ரூபா லீசிங் தவணை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பக்கத்து லயத்துப் பையன் ஒருவனை நாளுக்கு 3,500 ரூபாவுக்குப் பிடித்தேன். நல்ல பையன். பி வகுப்பு லைசன்ஸ் இருந்தது, முடியும் திகதியையும் பார்த்துக்கொண்டேன். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்று இப்போதும் நினைப்பேன். லைசன்ஸ் இல்லாத ஒருவனை நம்பி வண்டியைக் கொடுத்தால் கொடுத்தவன் மேலும் குற்றம் வரும், அது எனக்கு முன்பே தெரியும். நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போவேன். எனக்கு மிஞ்சுவது குறைந்தது, ஆனாலும் ஓடியது.

தவறு ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வீட்டில் இருந்து மூடை ஏற்றும் இடத்துக்கு, ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, பையன் வருவதற்கு முன் நானே லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு ஒருநாள் டீசல் அடிக்க. பிறகு விடியற்காலை நான்கு மணிக்கு நுவரெலியா டவுன் வரை, இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் என்னைக் கெடுத்தது.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள். அந்த மாதம் மரக்கறி விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மழையில் விளைச்சல் அழிந்து, மாதக் கடைசியில் கொழும்பில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது. எனக்குத் தோட்டத்தில் கரட்டும் லீக்ஸும் பேசி வைத்திருந்தது. அதிகாலை மூன்றரைக்குப் பையன் ஃபோன் எடுத்தான். காய்ச்சல், எழும்ப முடியவில்லை. வேறொரு டிரைவருக்கு எடுத்தேன், பண்டிகை நாள் என்று 6,000 கேட்டார். அநியாயம் என்று ஃபோனை வைத்தேன். தடை முடிய இன்னும் 59 நாள்தான் இருந்தது. நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆறு மாதத்தில் நான்கு மாதம் போய்விட்டது, முக்கால்வாசி தண்டனை முடிந்துவிட்டது என்று மனதில் ஒரு கணக்கு. சட்டத்தில் முக்கால்வாசி என்று ஒன்று கிடையாது.

லபுக்கலை தாண்டி றம்பொடைக்கு இறங்கும் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல், கம்பளை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அந்த இறக்கம் முழுக்க வளைவு. அன்று மூடுபனி, பாதை ஈரம், முதுகில் சுமை. இரண்டாம் கியரில்தான் வந்தேன். இதைச் சத்தியம் செய்தும் சொல்வேன். ஒரு வளைவில் மேலே ஏறி வந்த பஸ் ஒன்று ஆள் இறக்க நின்றது, அதன் பின்னால் இருந்து ஓர் ஆட்டோ வெட்டி என் பக்கத்துக்கு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். லொறி நிற்கவில்லை, வழுக்கியது. ஆட்டோவின் முன்பக்கத்தில் மோதி, இடது பக்கம் மலையோரத்துக் கானுக்குள் முகம் குத்தி நின்றது. சத்தம் அடங்கியதும் நான் கேட்டது பின்னால் இருந்து உருளும் கரட்டின் சத்தம். ஒரு சாக்கு கிழிந்து, பாதை நீளத்துக்கு, மழைத் தண்ணீரோடு சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தது. மோதிய மனுஷனைப் பார்க்க முதல் அந்தக் கரட்டைத்தான் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆட்டோவில் வேறு ஆள் இல்லை, நல்ல வேளை. ஓட்டி வந்தவர் புசல்லாவைப் பக்கத்து முஸ்லிம் நானா, ஐம்பது வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துவிட்டது. பஸ்ஸில் வந்தவர்கள் அவரைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றினார்கள். போகும்போதுகூட அவர், "தம்பி, ஒனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். வளைவில் வெட்டி வந்தது அவர் பிழைதான். அதை அவரும் பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றைக்கு என்னிடம் லைசன்ஸ் இருந்திருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு ஏதாவது பெறுமதி இருந்திருக்கும்.

கூடி நின்றவர்களில் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், காதோடு சொன்னார்: "டிரைவர் ஓட்டினான்னு சொல்லிடுங்க அண்ணே. ஆள மாத்திட்டா முடிஞ்சிது." இது எங்கள் பக்கம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் யோசனை. எனக்கு அந்த நேரம் அது தெய்வ வாக்கு மாதிரி இருந்தது. காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, இடம் சொல்லி, இலக்கம் சொல்லி, யார் ஓட்டியது என்று கேட்டபோது பையனின் பெயரைச் சொன்னேன். அழைப்பு பதிவாகிறது என்று தொடக்கத்திலேயே அவர்கள் சொல்கிறார்கள். எத்தனையோ தடவை கேட்ட வசனம், காதில் ஏறவே இல்லை.

பிறகு பையனுக்கு எடுத்தேன். காய்ச்சலோடு அவன் "சரிண்ணே, வாரேன்" என்றான். பின்னால் இருந்து அவன் அம்மா ஃபோனை வாங்கினார். "தம்பி, என் புள்ளய இதுல இழுக்காதீங்க. அவன் லைசன்ஸும் போயிரும், நாளைக்கு யாராச்சும் செத்துட்டா அவன்தான் உள்ள போவான்." எனக்கு அந்த அம்மாவை சின்ன வயதில் இருந்து தெரியும். என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. நானாவுக்கு உயிர் போயிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில், கவனயீனத்தால் மரணம் விளைவித்த வழக்கு வந்திருக்கும். அதில் ஐந்து வருடம் வரை சிறை. நான் அந்தப் பிள்ளையின் தலையில் அதைத்தான் வைக்கப் பார்த்தேன்.

ஐம்பது நிமிடத்தில் சேதத்தை மதிப்பிடும் கம்பனியின் அசெஸர் வந்தார். இளம் ஆள், தமிழ் பேசினார். லொறியை நாலு பக்கமும் படம் எடுத்தார், இலக்கத்தகட்டை எடுத்தார், ஸ்டியரிங்கை எடுத்தார். ஸ்டியரிங் ஒரு பக்கம் வளைந்திருந்தது. "டிரைவர் எங்க?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்" என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். மேல் பட்டன் இரண்டு தெறித்து, நெஞ்சில் பிறை மாதிரி ஒரு சிவப்புத் தடம் எழும்பியிருந்தது. எனக்கே அதுவரை தெரியாது. "இடது பக்கம் உக்காந்தவருக்கு ஸ்டியரிங் அடி எப்பிடிண்ணே பட்டிச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் பேசவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, குறித்துக்கொண்டார்.

பொலிஸில் உண்மையைச் சொன்னேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம், அந்தத் தடத்துக்குப் பிறகு வேறு வழி இல்லை. சார்ஜன் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுதியதை வாசிக்க வராது. தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டேன். தமிழும் அரசகரும மொழி, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த இரண்டு மணித்தியாலத்தை வீணான நேரம் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால், பஸ் நின்றது, ஆட்டோ வெட்டி வந்தது, நான் இரண்டாம் கியரில் வந்தது மூன்றும் அந்த வாக்குமூலத்தில் சரியாக வந்தது. பிறகு நீதிமன்றத்தில் எனக்கு ஏதாவது இரக்கம் கிடைத்தது என்றால் அதனால்தான்.

லொறியை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து அறிக்கை தரும்வரை பொலிஸில் நிறுத்தி வைத்தார்கள், ஒன்பது நாள். சுமையில் பாதியை அன்றே வேறொரு லொறிக்கு மாற்றி விற்றேன், மீதி நசுங்கியும் அழுகியும் போனது. அதில் 110,000 நட்டம். இந்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். லைசன்ஸ் ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்தக் கரட்டுக்கு ஒரு சதம் வந்திருக்காது. என் வாகனக் காப்புறுதி வாகனத்துக்கு மட்டும், ஏற்றிய பொருளுக்கு வேறாக எடுக்க வேண்டும். மூன்று வருடம் பிரீமியம் கட்டிய எனக்கு அது தெரியாது.

ஐந்து கிழமை கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம். ஆங்கிலம். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒரு தடவை மனதுக்குள் வாசித்துவிட்டு, "இருங்க, டீ குடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார். அப்போதே விளங்கிவிட்டது. கடிதத்தில் இருந்தது மூன்று விஷயம். ஓட்டியவர் நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டவர், ஆகவே லொறியின் சேதத்துக்குப் பணம் தர முடியாது. விபத்தை அறிவிக்கும்போது பொய்யான தகவல் தரப்பட்டது. மூன்றாவது, காயப்பட்டவருக்குச் சட்டப்படி கம்பனி ஏதாவது கட்ட நேர்ந்தால், அதை என்னிடம் இருந்து திருப்பி வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. 'மூன்றாம் தரப்புக்கு எப்படியும் இன்சூரன்ஸ் கொடுக்கும்' என்று நம்பியிருந்தேன். கொடுத்தாலும் அது எனக்குக் கடன்.

பிறகுதான் காப்புறுதிப் பொலிசிப் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தோம். ஆசிரியர் வரி வரியாகத் தமிழில் சொன்னார். சாரதி பற்றிய நிபந்தனை அதில் இப்படிப் போகிறது: ஓட்டுபவர் அந்த வகை வாகனத்துக்கு லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும், அல்லது முன்பு வைத்திருந்து, நீதிமன்றக் கட்டளையால் தடுக்கப்படாதவராக இருக்க வேண்டும். இந்த 'அல்லது' என்ற சொல்லில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். லைசன்ஸ் காலாவதியாகி, புதுப்பிக்க மறந்த ஒருவர் விபத்துக்குள்ளானால், என் பொலிசியின்படி அவர் பேசிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது: முன்பு வைத்திருந்தார், யாரும் தடுக்கவில்லை. எனக்கு அந்த இடம் இல்லை. நீதிமன்றம் தடுத்திருக்கிறது. எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை, உங்கள் புத்தகத்தில் அந்தப் பகுதியை யாரிடமாவது கொடுத்து வாசித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கம்பனிக்கு மேன்முறையீடு எழுதினேன், பிறகு காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும் எழுதினேன். முதலில் கம்பனியிடமே எழுத்தில் முறையிட்டு அவர்கள் மறுத்த பிறகுதான் அங்கே போக வேண்டும் என்பதால் அந்த ஒழுங்கில் போனேன். பதில் மரியாதையாக வந்தது, முடிவு மாறவில்லை. ஆட்டோ வெட்டி வந்தது என்ற என் வாதத்தை யாரும் பொய் என்று சொல்லவில்லை. அது இந்தக் கேள்விக்கு வேண்டாதது என்றுதான் சொன்னார்கள். லோயரும் அதையே வேறு மாதிரி விளக்கினார். விபத்து யார் பிழை என்பது ஒரு கேள்வி, நீங்கள் ஓட்ட உரிமை உள்ளவரா என்பது இன்னொரு கேள்வி. லைசன்ஸ் இல்லை என்பதாலேயே விபத்து உங்கள் பிழை ஆகிவிடாது. ஆனால் முதல் கேள்வியில் நின்று வாதாட வருடக்கணக்கு ஆகும், இரண்டாவதில் நீங்கள் நின்ற இடத்திலேயே தோற்றுவிட்டீர்கள். கேட்கக் கசந்தது. ஆனால் என் காசை மிச்சப்படுத்திய பேச்சு அதுதான்.

நானாவோடு பேசி முடித்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் நான்கு மாதம் அவர் ஆட்டோ ஓட்ட முடியாது, மூன்று பிள்ளைகள். அவருடைய காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டும், சொந்த ஆட்டோவுக்கு ஒன்றும் வராது. ஆட்டோ திருத்த 165,000, அவருக்கு 250,000. இந்த 250,000 எங்கே இருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் அது. வங்கிப் புத்தகத்தைச் சேலை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போனார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

காசு கொடுக்கும்போது லோயர் மூலம் எழுத்தில், தமிழில், சாட்சியோடு கொடுத்தோம். எதற்காக எவ்வளவு, இனி இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது வரை. நானா நல்ல மனுஷன், வாய்ப் பேச்சே போதும் என்றார். வேண்டாம் நானா, எழுதுவோம் என்றேன். அவர் நல்லவர்தான், நாளைக்கு அவருடைய மருமகனும் நல்லவராக இருப்பார் என்று யார் கண்டது. லோயருக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பல நீதிமன்ற வளாகங்களிலேயே அவர்களுக்கு அலுவலகம் உண்டு. எனக்கு அது தெரியவந்தது லோயருக்கு 60,000 கொடுத்து முடித்த பிறகு.

லொறி திருத்தம் 485,000. கபின் முன்பக்கம், ரேடியேட்டர், கண்ணாடி, செசியில் ஒரு வளைவு. கராஜில் நின்ற நாட்களும் சேர்த்து நான்கு மாதம் ஓடவில்லை, நான்கு தவணை 154,000. லீசிங் கம்பனிக்கு நான் வாய் திறக்கவில்லை, வெட்கம். இரண்டு தவணை தவறியதும் வண்டியைத் தூக்க ஆள் வரும் என்று ஃபோன் வந்தது. அப்புறம்தான் நேரில் போய் எல்லாத்தையும் சொன்னேன். தவணையைப் பிரித்துத் தந்தார்கள், வட்டியோடுதான். முதல் மாதமே போயிருந்தால் அந்தத் தாமதக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும். மனைவியின் சங்கிலி அடகில், வளையல் அடகில். நீதிமன்றத் தண்டம், தடையில் ஓட்டியதற்கும் கவனயீனத்துக்கும் சேர்த்து, 35,000. எல்லாம் கூட்டினால் 1,259,000. அன்று காலை 6,000 அநியாயம் என்று சொன்ன ஆள் நான்.

அந்தத் தீர்ப்பு 2024 ஜூனில் வந்தது. முதல் வழக்கு பதிவில் இருந்ததால் நீதவான் அதை வாசித்துவிட்டு, சிறைக்கு அனுப்பலாம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தண்டத்தோடு இன்னும் ஒரு வருடம் லைசன்ஸ் தடை. 59 நாளைக் காத்திருக்க முடியாதவனுக்கு 365 நாள். அந்த ஒரு வருடமும் லொறிச் சாவியே என் கையில் இல்லை, பையனின் வீட்டில் தொங்கியது. என் யோசனை இல்லை, அவன் அம்மாவின் யோசனை. நான் இடது சீட்டில். வளைவு வரும் போதெல்லாம் என் வலது கால் தானாக வெறும் தரையை அழுத்தும். பையன் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

2025 ஜூனில் தடை முடிந்தது. இந்தத் தடவை திகதியை எழுத்தில் வாங்கி வைத்திருந்தேன். லைசன்ஸ் கைக்கு வரும்வரை, திகதி முடிந்த பிறகும்கூட, ஓட்டவில்லை. அடுத்த மாதம் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. பழைய கம்பனி வேண்டாம் என்று வேறொன்றுக்குப் போனேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: வாகனம் ஓட்டியது தொடர்பாக நீங்கள் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா, உங்கள் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா? முகவர் பேனையை வைத்துக்கொண்டு, "இத இல்லன்னு போட்டுருவோம் அண்ணே, யாரு பாக்கப் போறா" என்றார். இதில் பொய் எழுதினால் பிறகு எந்த விபத்துக்கும் அதையே காட்டிப் பொலிசியைச் செல்லாது ஆக்கலாம் என்று ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார். பேனையை வாங்கி நானே 'ஆம்' என்று போட்டு, இரண்டு வழக்கின் திகதியையும் பக்கத்தில் எழுதினேன். பிரீமியம் 11,000 கூடியது. ஏற்றிய பொருளுக்கு வேறாக எடுக்க எவ்வளவு என்று கேட்டேன். விலை பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.